ரோட்டை மூடிட்டு வரியை மட்டும் ஏத்துறீங்களே: மாநகராட்சிக்கும் அரசுக்கும் ஒரு கடைக்காரனோட திறந்த மடல்

சென்னை மாநகராட்சி மேயர், கமிஷனர், 200 வார்டு கவுன்சிலர்கள், கோட்டையில நகராட்சி நிர்வாகத் துறையிலயும் தொழில் துறையிலயும் உக்காந்து முடிவு எடுக்கிற அதிகாரிகள் எல்லாருக்கும்,

ஆற்காடு ரோட்ல வடபழனி சிக்னல் தாண்டி சாலிகிராமம் போற வழியில எலக்ட்ரிகல், பெயின்ட் கடை வச்சிருக்கேன். வாடகைக் கடைதான். இந்த அரையாண்டு சொத்து வரி டிமாண்ட் வந்ததும் பில்டிங் ஓனர் அம்மா அதை அப்படியே எனக்கு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணிட்டு கீழ "தம்பி பாத்துக்கோங்க"ன்னு போட்டிருந்தாங்க. கார்ப்பரேஷன் வரி வாடகைதாரர் பொறுப்புன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு, அதனால அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. மெட்ரோ வேலைக்காக கடை வாசலை தகரம் வச்சு மறைச்ச தெருவுல, வியாபாரம் படுத்துக் கிடக்கிற நேரத்துல, வரி மட்டும் எப்படி ஏறுதுன்னு கேக்க வார்டு பக்கம் போனேன். அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார், ஆனா சொன்னது என்னன்னா, "ரோடு மூடியிருக்குன்னு வரி குறைக்க ரூல் எதுவும் இல்லீங்க சார்". ரூல் இல்லைன்னா ரூல் போடுற இடத்துலதானே கேக்கணும், அதான் உங்களுக்கு எழுதுறேன்.

வரி ஏத்தவே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். 1998-க்கு அப்புறம் 2022 வரைக்கும் பழைய சென்னைப் பகுதியில பொது சீராய்வு, அதாவது எல்லா கட்டடத்துக்கும் வரியை ஒட்டுமொத்தமா திருத்துறது, நடைமுறைக்கு வந்து நிலைக்கவே இல்ல, இருபத்தி நாலு வருஷம் பழைய ரேட்லயே கட்டிட்டு இருந்தோம், குப்பை அள்றதுக்கும் தெரு லைட்டுக்கும் காசு வானத்துலேருந்து வராது, புரியுது. ஆனா 2022-ல நீங்க ஏத்துன விதத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. வீடுகளுக்கு சதுர அடி பாத்து ஏத்துனீங்க. 600 சதுர அடி வரைக்கும் 50%, 1,200 வரைக்கும் 75%, 1,800 வரைக்கும் 100%, அதுக்கு மேல போனா 150%. சின்ன வீட்டுக்காரனும் பெரிய பங்களாக்காரனும் ஒண்ணு இல்லன்னு ஒத்துக்கிட்டீங்க, நியாயம். தொழிற்சாலைக்கும் தனியார் ஸ்கூல் காலேஜுக்கும் 100%. வணிகக் கட்டடம்னு வந்ததும் ஒரே வீச்சா 150%. நூறு சதுர அடியில ஜெராக்ஸ் மெஷின் போட்டு உக்காந்திருக்கிறவனும் நாலு மாடி நகைக்கடையும் உங்க கணக்குல ஒரே சாதி ஆயிட்டாங்க. ரேட் வேற, பரப்பளவு வேற, அதனால கட்டுற தொகை வேறதான், ஆனா ஏத்துன விகிதம் ஒண்ணுதானே? வீட்டுக்கு இருந்த அந்த இரக்கம் பெட்டிக்கடைக்கு ஏன் இல்லாம போச்சுன்னு இதுவரைக்கும் யாரும் எங்களுக்கு சொல்லல.

அதோட விட்டீங்களா, வருஷா வருஷம் ஏத்துறதுக்கும் வழி பண்ணி 2024 அக்டோபர்லேருந்து இன்னொரு 6%. நூறு ரூபா வரி 250 ஆச்சு, 250 போய் 265 ஆச்சு. கேட்டதுக்கு, மத்திய அரசு நிதியை எப்படி பங்கு போடணும்னு சொல்ற 15-வது நிதிக் குழுவோட நிபந்தனை, வரி வளர்ச்சி மாநிலத்தோட பொருளாதார வளர்ச்சிக்கு ஈடா இருந்தாத்தான் மத்திய அரசு மானியம் வரும்னு சொன்னீங்க. இருக்கட்டும். அந்த நிபந்தனை மொத்த வசூலைப் பத்தினது. ஒவ்வொரு தெருவுலயும் ஒவ்வொரு கடைக்கும் ஏறியே ஆகணும்னு அதுல இல்ல. எந்த தெருவுல ஏத்துறது, எந்த தெருவுல விடறதுன்னு பாக்குற இடம் உங்களுக்கு இருக்கு, பாக்கத்தான் மாட்டேங்கறீங்க.

சொத்து வரி எதுக்கு மேல போடறீங்கன்னு பாத்தா எனக்கு ஆத்தாமை இன்னும் கூடுது. ஆண்டு வாடகை மதிப்பு. அதாவது அந்த கட்டடத்தை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்ங்கிற கணக்கு. தெருவுக்குன்னு சதுர அடிக்கு ஒரு அடிப்படை ரேட் வச்சிருக்கீங்க, அதை கட்டடப் பரப்பால பெருக்கி, வீடா கடையான்னு பாத்து, அதுலேருந்து வரி. சரி, எங்க தெருவுல நிஜ வாடகை என்ன ஆச்சு தெரியுமா? என் கடைக்கு 32,000 குடுத்துட்டு இருந்தேன். தகரம் வச்சு ஒரு தீபாவளி போனதும் ஓனர் அம்மாவே கூப்பிட்டு, நீயும் காலி பண்ணிட்டா எனக்கு ஆள் கிடைக்காதுப்பான்னு 24,000-க்கு இறக்கிட்டாங்க. புது அக்ரிமென்ட் என் மேஜை டிராயர்ல இருக்கு, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டது. பக்கத்து மொபைல் கடைக்காரர் காலி பண்ணிட்டு உள் தெருவுக்குப் போயிட்டார். அந்த ஷட்டர்ல ஒட்டுன டு-லெட் போர்டு வெயில்ல வெளுத்து இப்ப போன் நம்பர்ல பாதி எழுத்து தெரியல. அந்த காலி கடைக்கும் வணிக ரேட்லதான் வரி வருது. வாடகை மதிப்பு கண்ணு முன்னாடி இறங்கிட்டு இருக்கு, உங்க ரெக்கார்டுல அதே வாடகை மதிப்பு ஏறிட்டு இருக்கு. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி வச்சுட்டு மீட்டர் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குன்னா எங்க கடைக்கு வர்ற எந்த எலக்ட்ரீஷியனும் முதல்ல மீட்டரைத்தான் கழட்டிப் பாப்பான்.

தகரம் வச்சா என்ன பெரிய கஷ்டம், கடை திறந்துதானே இருக்குன்னு ஏசி கார்ல போறவங்களுக்குத் தோணும். வந்து நின்னு பாருங்க. ரோட்டுக்கு நடுவுல தூண், தூணைச் சுத்தி நீலத் தகரம், தகரத்துக்கும் எங்க கடைப் படிக்கும் நடுவுல இருக்கிற இடத்துல ஒரு பைக் போனா எதிர்ல வர்ற ஆள் சுவத்தோட ஒட்டி நிக்கணும். எங்க பொருள் கையில தூக்கிட்டு போற பொருள் இல்லைங்க, இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட், பிவிசி பைப், தொண்ணூறு மீட்டர் ஒயர் காயில். வண்டி நிறுத்த இடமில்லைன்னா பெயின்டர் வரமாட்டான், பெயின்டர் வரலைன்னா எங்க கடையில பாதி வியாபாரம் இல்ல. இது ஸ்டுடியோ ஏரியா, ஷூட்டிங் செட் அசிஸ்டென்ட் பசங்க காலையில ஏழு மணிக்கே வந்து ஹோல்டர், பல்பு, ஒயர், எமல்ஷன்னு லிஸ்ட்டை நீட்டுவாங்க, அந்த காசுலதான் பல கடை ஓடிச்சு. இப்ப போன் பண்ணி, "அண்ணா, எந்த பக்கம் வரணும், ஒன்வேயா, யூ டர்ன் எங்க இருக்கு"ன்னு கேப்பாங்க, நான் வழி சொல்லி முடிக்கிறதுக்குள்ள "சரிண்ணா, அப்புறம் வரேன்"னு வச்சுடுவாங்க. அப்புறம் வரமாட்டாங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வருது, என்னத்துக்கு இந்த தூசியில வரணும்? ஷேட் கார்டு மேல தினம் படியிற சிமென்ட் தூசியைத் தொடச்சு தொடச்சு இப்ப எந்த வெள்ளை எந்த வெள்ளைன்னு எனக்கே குழப்பம் வருது.

மெட்ரோ வேண்டாம்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபா திட்டம், கலங்கரை விளக்கத்துலேருந்து பூந்தமல்லி வரைக்கும் போற லைன் எங்க வாசல் வழியாத்தான் போகுது, முடிஞ்சா ஊருக்கே நல்லது, எங்க பசங்களும் அதுலதான் போகப் போறாங்க. திட்டத்துக்காக நிலம் எடுத்தா இழப்பீடு தர சட்டம் இருக்கு. நிலத்தை எடுக்காம வாசலை மட்டும் வருஷக்கணக்குல மூடி வச்சா அதுக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. ஊர் மொத்தத்துக்கும் வர்ற நல்லதுக்கு ஆற்காடு ரோட்லயும், புரசைவாக்கத்துலயும், மயிலாப்பூர் லஸ் பக்கமும், அயனாவரத்துலயும் இருக்கிற சில ஆயிரம் கடைக்காரங்க மட்டும் தனியா விலை குடுத்துட்டு இருக்கோம், அதுக்கு மேல வரியும் முழுசா கட்டிட்டு இருக்கோம்.

இப்ப தொழில் துறை அதிகாரிகள் பக்கம் வரேன். 2024 ஜனவரியில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல உலக முதலீட்டாளர் மாநாடு நடத்துனீங்க, 6.64 லட்சம் கோடிக்கு புரிந்துணர்வு ஒப்பந்தம். எங்க கடையிலேருந்து பைக்ல போனா தூரமே இல்ல அந்த இடம், டிராஃபிக் இல்லைன்னா. பெரிய கம்பெனி வந்தா மின்சார வரிக்கு அஞ்சு வருஷம் விலக்கு, பத்திரப் பதிவுல முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, முதலீட்டு மானியம். என் அக்கா பையன் ஒரகடத்துல ஒரு ஃபேக்டரியில வேலை பாக்குறான், அதனால இந்த சலுகையெல்லாம் தப்புன்னு நான் பேசமாட்டேன். அடுத்து சின்ன தொழில்னு பாத்தா எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) துறையில மெஷினரி மதிப்புல 25% மூலதன மானியம் இருக்கு, அது உற்பத்திக்கு. பொருளை வாங்கி விக்கிற எங்களுக்கு மெஷினரி எங்க இருக்கு, பெயின்ட் கலக்குற டின்டிங் மெஷின் ஒண்ணு இருக்கு, அதையும் கம்பெனிக்காரன் கண்டிஷன் போட்டுத்தான் வச்சிருக்கான். மிஞ்சி இருக்கிறது வணிகர் நல வாரியம். உறுப்பினர் செத்தா குடும்பத்துக்கு உதவித்தொகை தர்றாங்க, நல்ல விஷயம், கும்பிட்டுக்கறேன். ஆனா உயிரோட இருந்து கடையைத் திறந்து வச்சிருக்கிறவனுக்கு, அரசாங்கமே தோண்டிப் போட்ட ரோட்ல இருக்கிறவனுக்கு, ஏதாவது ஒரு திட்டம் இருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல. வெளியூர்லேருந்து வரப்போறவனுக்கு வரவேற்பு பந்தல், ஏற்கனவே இருக்கிறவனுக்கு ஜப்தி நோட்டீஸ்னு ஆயிடக்கூடாது.

நீங்க குடுக்கிற ஒரே ஊக்கத்தொகை, அரையாண்டு ஆரம்பிச்ச முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5% கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபா. லேட்டானா மாசம் 1% வட்டி. இந்த 5% யாருக்குப் போகுதுன்னு பாத்திருக்கீங்களா? ரசீது ஓனர் பேர்ல, கழிவும் ஓனர் கணக்குல. பணம் குடுக்கிறது கீழ கடையில உக்காந்திருக்கிறவன். எங்க ஓனர் அம்மா நல்லவங்க, கழிவு போகத்தான் என்கிட்ட வாங்குவாங்க. எல்லா ஓனரும் அப்படி இல்லைன்னு இந்த ரோட்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மாசத்துல பாதி நாள் கல்லாவுல சில்லறை கூட சேராத கடைக்காரன் ஏப்ரல் முப்பதுக்குள்ள மொத்தமா கட்டி அந்த கழிவை எப்படி வாங்குவான்ங்கிறது வேற கேள்வி. வசதி இருக்கிறவனுக்கு கழிவு, முடியாதவனுக்கு வட்டி.

இதெல்லாம் உலகத்துல எங்கயும் இல்லாத கோரிக்கைன்னு நினைச்சுடாதீங்க. இங்கிலாந்துல சொத்தோட மதிப்பீடு 12,000 பவுண்டுக்குள்ள இருக்கிற, ஒரே ஒரு இடம் மட்டும் வச்சிருக்கிற சின்ன வியாபாரிக்கு வணிக வரியே கிடையாது. பக்கத்துல ரோடு வேலையோ கட்டட வேலையோ நடந்து கடை பாதிச்சா, மதிப்பீட்டை தற்காலிகமா குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் அங்க வழி இருக்கு. வெள்ளைக்காரன் ஊர் கதை எதுக்குன்னா, குஜராத்தைப் பாருங்க. கொரோனா சமயத்துல 2021-ல ஹோட்டல், ரெஸ்டாரன்ட், ரிசார்ட், வாட்டர் பார்க்குக்கெல்லாம் ஒரு வருஷ சொத்து வரியையே தள்ளுபடி பண்ணாங்க. அட அவ்வளவு தூரம் கூட போக வேண்டாம், நம்ம ஊரு 1919-ம் வருஷத்து மாநகராட்சி சட்டத்துலயே, வெள்ளைக்காரன் காலத்துலயே, ஆள் இல்லாம காலியா கிடந்த கட்டடத்துக்கு வரியில ஒரு பகுதியைக் கழிக்க வழி வச்சிருந்தாங்க. வருமானம் வராத கட்டடத்துக்கு முழு வரி கேக்குறது முறை இல்லைன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

சிஸ்டம்ல அதெல்லாம் பண்ண முடியாது, சாஃப்ட்வேர் ஒத்துக்காதுன்னு ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். அதுக்கும் உங்க கையாலயே பண்ண உதாரணம் இருக்கு. 2018-ல சொத்து வரியை ஏத்துனீங்க, எல்லாரும் கத்துனோம், 2019 நவம்பர்ல அதை நிறுத்தி வச்சு, கூடுதலா கட்டுனதை அடுத்தடுத்த அரையாண்டு கணக்குல சரிக்கட்டுறோம்னு அரசே அறிவிச்சுது. லட்சக்கணக்கான கட்டடத்துக்கு அப்படி சரிக்கட்ட முடிஞ்சப்போ, மெட்ரோ லைன் போற சில தெருவுல இருக்கிற கடைகளுக்கு முடியாதா? எந்த தெருவுல எந்த தேதியிலேருந்து எந்த தேதி வரைக்கும் ரோடு மூடியிருக்குன்னு போக்குவரத்து போலீஸ் மாற்றுப்பாதை அறிவிப்பு போட்டுக்கிட்டேதான் இருக்காங்க, அதையே ஆதாரமா எடுத்துக்கலாம், எங்க வார்த்தையை நம்பக்கூட வேண்டாம்.

வருமானம் குறைஞ்சா மாநகராட்சி எப்படி நடக்கும்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். கடை காலியாகி, ஓனர் வரி பாக்கி வச்சு, நீங்க நோட்டீஸ் விட்டு, சீல் வச்சு, கோர்ட்டுக்குப் போய் வசூல் பண்ற பணமும் பணம்தானா? தொழில் வரியும் டிரேட் லைசென்ஸ் கட்டணமும் கட்டுற ஆள் காலி பண்ணிட்டு போனா அதுவும் சேத்துத்தானே போகுது. எங்க கடையில வேலை பாத்த ரெண்டு பசங்கள்ல ஒருத்தனை நிறுத்திட்டேன், அவன் இப்ப டெலிவரி ஓட்டுறான். அவனை நிறுத்துன அன்னைக்கு ராத்திரி என் வீட்ல சாப்பாடு இறங்கல, அதை உங்க பட்ஜெட்ல எந்த தலைப்புல எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியல.

கேக்குறதை தெளிவா கேட்டுடறேன்.

மெட்ரோ, மழைநீர் கால்வாய், மேம்பாலம், எது வேணா இருக்கட்டும், பொது வேலைக்காக ஆறு மாசத்துக்கு மேல மூடுன அல்லது ஒருவழியா மாத்துன தெருக்களை மாமன்றம் தீர்மானம் போட்டு "பாதிக்கப்பட்ட தெரு"ன்னு அறிவிக்கணும். அந்த தெருவுல இருக்கிற கடைகளுக்கு வேலை முடியிற வரைக்கும் சொத்து வரியில பாதி தள்ளுபடி, ரோடு முழுசா திறந்து ஒரு வருஷம் ஆகுற வரைக்கும் வருஷாந்திர உயர்வு கிடையாதுன்னு சொல்லணும். ஏற்கனவே கட்டுனவங்களுக்கு 2019-ல சொன்ன மாதிரியே அடுத்த அரையாண்டுகள்ல கழிச்சுக் குடுங்க, ஒழுங்கா கட்டுனவன் ஏமாந்தவன் ஆகக்கூடாது.

தள்ளுபடி ஓனர் பாக்கெட்டோட நின்னுடக் கூடாது, இது ரொம்ப முக்கியம். வாடகைக்கு விட்ட கடைன்னா, வாடகைதாரருக்கு இந்த சலுகையைக் கழிச்சுக் குடுத்தேன்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரு பக்க படிவம் வந்தாத்தான் தள்ளுபடின்னு வையுங்க. சண்டை வந்தா தீத்து வைக்க மண்டல ஆபீஸ்ல மாசத்துக்கு ஒரு நாள் ஒரு அதிகாரி உக்காந்தா போதும்.

காலியா கிடக்கிற கடைக்கு வணிக ரேட்ல முழு வரி வாங்குறதை இந்த தெருக்கள்ல நிறுத்தணும். வீட்டுக்கு வச்ச மாதிரி வணிகக் கட்டடத்துக்கும் சதுர அடி பாத்து படிநிலை வேணும், 300 சதுர அடிக்குள்ள இருக்கிற கடைக்கு 2022-ல போட்ட 150% உயர்வை 50%-க்கு இறக்குங்க. அந்த வரம்பு என் கடைக்குப் பொருந்தாது, என் கடை அதைவிடப் பெருசு, ஆனாலும் கேக்குறேன்.

இதனால மாநகராட்சிக்கு வர்ற பள்ளத்தை மாநில அரசு நிரப்பணும். 63,246 கோடி திட்டத்துல தெருவோர வியாபாரத்துக்கு வர்ற நஷ்டமும் திட்டச் செலவுதான், இனிமே டெண்டர் விடும்போதே அதுக்குன்னு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்க. தொழில் துறையும் எம்எஸ்எம்இ துறையும் சேந்து, இந்த தெருக்கள்ல இருக்கிற சில்லறை வியாபாரிகளோட வங்கிக் கடனுக்கு வேலை நடக்கிற காலத்துக்கு மட்டும் வட்டி மானியம் குடுங்க, புதுசா ஸ்கீமுக்கு பேர் வச்சு விழா எடுக்கக் கூட வேண்டாம், ஒரு அரசாணை போதும்.

கடைசியா, அடுத்த அரையாண்டு டிமாண்ட் போடுறதுக்கு முன்னாடி எங்க மண்டலத்துல வியாபாரிகளையும் கட்டட ஓனர்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்க. அந்த கூட்டத்தை ரிப்பன் மாளிகையில வைக்காம ஆற்காடு ரோட்லயே ஏதாவது ஒரு மண்டபத்துல, சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்க, நீங்களும் எங்க கஸ்டமர் வர்ற வழியிலேயே வாங்க. முடியாதுன்னா முடியாதுன்னு, ஏன் முடியாதுங்கிற காரணத்தோட, எழுத்துல பதில் குடுங்க.

இப்படிக்கு,
ஆற்காடு ரோட்டுக் கடைக்காரன் ஒருத்தன், சாலிகிராமம்